எழுத்து எங்கே முடிகிறது? கணினித் திரையில் தமிழ் இடஞ்சுட்டியின் வரலாறு

கணினியில் தமிழ் எழுதும் மாணவரும் ஆசிரியரும் ஓர் இடர்ப்பாட்டை நன்கு அறிவர். பேச்சு வழக்கில் ‘கர்சர்’ எனப்படும் இடஞ்சுட்டி ஓர் எழுத்தின் பின்னே நிற்பதுபோலத் தோன்றும்; விசையைத் தட்டினால் புதிய எழுத்து வேறோர் இடத்தில் போய் விழும். அம்பு விசையை ஒருமுறை அழுத்தினால் சுட்டி அசையாது. மறுமுறை அழுத்தினால் நகரும். ‘கொ’ என்னும் எழுத்தை அழிக்க முனைந்தால் சிலவேளை ‘க’ எஞ்சும், சிலவேளை ‘கெ’ எஞ்சும், சிலவேளை எழுத்து முழுவதும் மறையும்.

இவற்றை எழுத்துருவின் பிழை என்று கருதி, வேறோர் எழுத்துருவுக்கு மாறிப் பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். எழுத்துருவுக்கு இதில் பங்கு உண்டு. ஆயினும் அதுவே முழுக் காரணம் அன்று. தமிழில் ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் வினாவுக்குத் தட்டச்சுப் பொறி முதல் யூனிகோடு வரை வந்த ஒவ்வொரு கருவியும் தனித்தனியே ஒரு விடை தந்துள்ளது. அவ்விடைகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்திலேயே இடஞ்சுட்டி தடுமாறுகிறது. அவ்வரலாற்றை வரிசையாகக் காண்பதும், அதிலிருந்து வகுப்பறைக்குப் பயன்படும் ஒரு சோதனை முறையைப் பெறுவதும் இவ்வுரையின் நோக்கம்.

இலக்கணத்தின் விடை

தமிழிலக்கண மரபில் எழுத்து முதலில் ஒலி, பின்னரே வரிவடிவம். தொல்காப்பியம் முதலெழுத்து முப்பது என்றும், சார்ந்து வருவன மூன்று என்றும் வகுத்தது. பள்ளிகளில் நாம் பயிற்றும் நெடுங்கணக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொண்டது.

இவற்றுள் உயிர்மெய்க்கு இரட்டை இயல்பு உண்டு. ஒலியால் அது மெய்யும் உயிரும் சேர்ந்த இரண்டு; எண்ணும்போது அது ஒன்று. சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால், ‘கொக்கு’ மூன்றெழுத்துச் சொல் என்று தொடக்கப்பள்ளி மாணவரும் தயங்காமல் விடை சொல்வார்.

வரிசையிலும் ஒரு முரண் உண்டு. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வரும். ஆனால் எழுதும்போது எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே நிற்கின்றன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மெய்யை இருபுறமும் சூழ்கின்றன. ‘கொ’ என்பதில் கண் காண்பது கொம்பு, ககரம், துணைக்கால் என்னும் மூன்று வடிவங்கள்; செவி கேட்பது ககர மெய்யும் ஒகரமும். எழுதுபவரின் கைக்கு இம்முரண் எக்காலத்தும் தொல்லையாக இருந்ததில்லை. எழுதும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்தபோதுதான் தொல்லை தொடங்கியது.

தட்டச்சுப் பொறியின் விடை

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது முதல், தமிழ் வடிவங்கள் உலோக அச்சுகளாயின. அச்சுக் கோப்பவரிடம் அறைகள் பல இருந்தன. வேண்டிய வடிவங்களை எல்லாம் வார்த்து அவற்றில் இட்டுக்கொள்ளலாம். தட்டச்சுப் பொறியில் அவ்வசதி இல்லை. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளும், விசைக்கு இரண்டு வடிவங்களுமே அதில் இடம்பெறக்கூடும். 247 எழுத்துகளை அதற்குள் அடக்கவேண்டும்.

இச்சிக்கலைத் தீர்த்த முன்னோடியை நம் வட்டாரத்தார் மறவாமல் போற்றவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர். தமிழ்த் தட்டச்சின் உயிர்நாடி ‘நகரா விசை’ என்னும் உத்தி. மற்ற விசைகளைத் தட்டினால் தாளைத் தாங்கிய உருளை ஓர் இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் வடிவம் தாளில் பதியும், உருளை நகராது. முதலில் புள்ளியைத் தட்டி அடுத்துக் ககரத்தைத் தட்டினால், இரண்டும் ஓரிடத்தில் பதிந்து ‘க்’ ஆகும். மேல்விலங்கும் அவ்வாறே.

ஆகவே தட்டச்சுப் பொறிக்கு எழுத்து என்பது தாளில் விழும் ஒரு வடிவம். எழுதும் வரிசை என்பது கண் காணும் வரிசை. ‘கொ’ மூன்று தட்டல்கள், மூன்று இடங்கள். பின்னோக்கு விசை உருளையை ஓர் இடம் பின்னே இழுக்குமேயன்றி எதையும் அழிக்காது. நகரா விசை, சுழிய அகலம் உடைய வடிவம் என்னும் கருத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னாளில் இதே கருத்துத்தான் கணினித் திரையில் சுட்டியை அசையாமல் நிறுத்தப்போகிறது.

1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்று, பின்னர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பின்பற்றப்பட்ட எழுத்துச் சீர்திருத்தம் இவ்வழியை மேலும் எளிதாக்கியது. அதற்கு முன் ‘ணா’, ‘லை’ போன்ற சில எழுத்துகள் தனி வடிவம் பெற்றிருந்தன. சீர்திருத்தத்திற்குப் பின் அவையும் மெய்வடிவம், குறி என்று பிரித்து எழுதத்தக்கன ஆயின.

எழுத்துருவின் விடை

1980-களிலும் 1990-களிலும் மேசைக்கணினி தமிழ் எழுதத் தொடங்கியபோது, ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி உரோமன் எழுத்துகளுக்கு உரியது. எஞ்சியவற்றில் 247 எழுத்துகளைத் தனித்தனியே வைக்க வழியில்லை. ஆதலால் தட்டச்சுப் பொறியின் வழியே மீண்டும் மேற்கொள்ளப்பட்டது: எழுத்துகளை விடுத்து வடிவங்களைச் சேமித்தனர்.

ஒவ்வொரு மென்பொருளும் தன் எழுத்துருவுக்கென ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டது. ஒருவர் எழுதிய கட்டுரை மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இக்குழப்பத்தைப் போக்கும் முயற்சியில் இவ்விரு நாடுகளுக்கும் பெரும்பங்கு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளையும் பின்னர் ‘முரசு அஞ்ச’லையும் உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்களும் தமிழ்நாட்டரசின் தரங்களாயின. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை வகுத்தனர்.

திஸ்கியின் அமைப்பை நோக்கினால் அக்காலத்து எண்ணம் விளங்கும். ‘க்’ முதலிய மெய்கள் தனி இடம் பெற்றன. ‘கு’, ‘கூ’ வரிசைகள் வடிவம் மாறுவதால் தனி இடம் பெற்றன. ‘கா’, ‘கெ’, ‘கொ’ முதலியன துண்டுகளை இணைத்து எழுதப்பட்டன. அவ்வாறாயின், இடஞ்சுட்டிக்கு ‘கு’ ஒரு நிறுத்தம், ‘கா’ இரண்டு, ‘கொ’ மூன்று. கொம்புக்கும் ககரத்துக்கும் இடையே சுட்டியை நிறுத்தி வேறோர் எழுத்தைச் செருக முடிந்தது. கொம்பை மட்டும் அழித்துவிட்டு, ‘கா’ எஞ்சியிருப்பதைக் காண முடிந்தது.

மெய்வடிவத்தின் மேல் ஏறி அமரும் குறிகளுக்கு எழுத்துருவில் சுழிய அகலம் தரப்பட்டபோது வேறொரு விந்தை நேர்ந்தது. அம்பு விசையை அழுத்தினால் சுட்டி உள்ளபடியே ஒரு வடிவத்தைக் கடந்தது. ஆனால் அவ்வடிவத்துக்கு அகலம் இல்லாமையால் திரையில் அது நகரவில்லை. முத்தையா காலத்து நகரா விசையின் இயல்பு, இவ்வாறு திரையில் ‘நகராச் சுட்டி’யாக வந்து சேர்ந்தது. அக்காலத்து வழுக்கள் பலவும் மெய்யாகவே எழுத்துருவைச் சார்ந்தவை. எழுத்துருவைக் குறைகூறும் வழக்கம் இன்றும் நம்மிடம் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

யூனிகோட்டின் விடை

1991-இல் வெளிவந்த யூனிகோடு, வடிவங்களைச் சேமிக்கும் வழியைக் கைவிட்டது. இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் தரத்தை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி முதலியவை இடம்பெற்றன. ‘கெ’ என்பது இப்போது ககரம், அடுத்து எகரக்குறி என்று ஒலி வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது, எழுத்துருவோடு இயைந்து இயங்கும் வடிவாக்க நிரலின் பொறுப்பு. விண்டோஸ் 2000 இயங்குதளம் ‘லதா’ எழுத்துருவுடன் இவ்வசதியைத் தந்தபோது, யூனிகோடு தமிழ் மேசைக்கணினிகளில் பரவ வழி பிறந்தது.

வரிசை முரண் இவ்வாறு தீர்ந்தது. எண்ணிக்கை முரண் தீரவில்லை. ‘கொக்கு’ என்னும் சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அது மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ககரம், ஒகரக்குறி, ககரம், புள்ளி, ககரம், உகரக்குறி என ஆறு குறியீடுகள். கோப்பில் பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 18 பைட். இன்னும் ஒன்று: ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட்டின் விதி. இரண்டாம் வழியில் குறியீடுகள் ஏழும், பைட்டுகள் 21-உம் ஆகும். ‘கொ’வை அழித்தால் ஓரிடத்தில் ‘க’வும் பிறிதோரிடத்தில் ‘கெ’யும் எஞ்சுவதன் காரணம் இதுவே. திரையில் வேறுபாடு தெரியாது. சேமிப்பில் இரண்டும் வேறு.

விடு, வீடு

இடஞ்சுட்டி மூன்றையும் ஆறையும் எவ்வாறு இணைக்கவேண்டும் என்பதற்கு யூனிகோடு நிறுவனமே ஒரு நெறி வகுத்தது. பயனர் ஓர் எழுத்தாகக் கருதும் குறியீடுகளின் சேர்க்கையை ஓர் ‘எழுத்துக் கூட்டு’ என்று கொண்டு, சுட்டி கூட்டுக் கூட்டாக நகரவேண்டும் என்பது அந்நெறி. ஆனால் அதன் முதல் வடிவம் தமிழுக்கு முழுவதும் பொருந்தவில்லை.

ஒட்டுக்குறிகளை யூனிகோடு இரண்டு வகையாகப் பகுத்தது: இடம் பிடிப்பவை, இடம் பிடியாதவை. தமிழில் புள்ளியும் ஈகாரக்குறியும் இடம் பிடியாதவை என்றும், இகரக்குறி முதலிய ஏனையவை இடம் பிடிப்பவை என்றும் வகுக்கப்பட்டன. இகரக்குறியும் ஈகாரக்குறியும் தமிழ்க் கண்ணுக்கு உடன்பிறப்புகள். யூனிகோட்டில் அவை இரு வேறு வகை. பழைய நெறி, இடம் பிடியாதவற்றை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்தது. இடம் பிடிப்பவற்றைப் பொதுவாகச் சேர்க்கவில்லை. அதன்படி ‘நீ’ ஓர் எழுத்து, ‘நி’ இரண்டெழுத்து! 2008-இல் வெளிவந்த 5.1-ஆம் பதிப்பை ஒட்டிய விரிந்த நெறி இதனைத் திருத்தி இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாக்கியது.

இதே பகுப்பு மற்றோர் இடத்தில் இன்றும் தொல்லை தருகிறது. நிரலாளர் பயன்படுத்தும் முனையங்களும் சில உரைத் தொகுப்பான்களும் திரையைச் சம அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கின்றன. பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கில், இடம் பிடியாத குறிக்குக் கட்டம் இல்லை. இடம் பிடிக்கும் குறிக்கு ஒரு கட்டம் உண்டு. அக்கணக்கில் ‘விடு’ நான்கு கட்டங்களும் ‘வீடு’ மூன்று கட்டங்களும் பெறுகின்றன. நெடிலுக்குக் குறிலினும் மிகுதியான மாத்திரை என்று படித்த நமக்கு, நெடில் குறுகிக் குறில் நீள்வதைக் காண வியப்பாகவே இருக்கும். ‘கொ’ மூன்று வடிவ அகலம் உடையது. அதற்கும் இரண்டு கட்டங்களே. எனவே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது இடையே வெற்றிடம் விழும். தொகுப்பான் ஒரு கணக்கையும் முனையம் வேறொரு கணக்கையும் பின்பற்றினால், வரி நீள நீளச் சுட்டி தன் உண்மையான இடத்திலிருந்து விலகிக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் சரியாக இருந்து இறுதியில் நாலைந்து எழுத்து தள்ளி நிற்கும் சுட்டியைக் கண்டால், காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

எழுத்துருவும் வடிவாக்க நிரலும் கிரந்த எழுத்துகளில் வேறொரு சிக்கலை உண்டாக்குகின்றன. ‘க்ஷ’ என்பதை எழுத்துரு ஒரே வடிவமாகக் காட்டும். எழுத்துக் கூட்டு நெறியோ ‘க்’, ‘ஷ’ என இரண்டாகக் கொள்ளும். அதனால் சுட்டி அவ்வொரு வடிவத்தின் நடுவே நிற்க நேரலாம். ‘ரிக்‌ஷா’ என்பதில் இரண்டையும் பிரித்துக் காட்ட விரும்புவோர், கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறி ஒன்றை இடையே இடுவர். கூட்டு நெறியை அறியாத தொகுப்பானில், அக்குறியைக் கடக்கச் சுட்டிக்கு ஓர் அழுத்தம் மிகுதியாக வேண்டும்.

காரணம் காணும் முறை

மேற்கண்ட வரலாற்றைக் கொண்டு வழுவின் இருப்பிடத்தை முறையாகக் கண்டறியலாம். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. ஒரு வரியில் விடு, வீடு, கொக்கு, கௌதாரி, ரிக்‌ஷா, லக்ஷ்மி என்னும் சொற்களை எழுதிக்கொண்டு கீழ்வருமாறு ஆராய்வது போதும்.

முதலாவதாக, எழுத்துருவை மட்டும் மாற்றுக. தொல்லை மறைந்தால் காரணம் எழுத்துரு. எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாவிட்டால் இயங்குதளம் வேறோர் எழுத்துருவிலிருந்து அவற்றைக் கடன்பெறும். சம அகல எழுத்துருவைத் தெரிவு செய்தவர்க்கு இது அடிக்கடி நேர்கிறது.

இரண்டாவதாக, எழுத்துருவை மாற்றாமல் அதே வரியை வேறொரு தொகுப்பானில் ஒட்டுக. அங்கே சரியாக நடந்தால் காரணம் முதல் தொகுப்பான், அல்லது அது பயன்படுத்தும் வடிவாக்க நிரல். தொகுப்பானின் பதிப்பையும் நோக்குக. சான்றாக, ஈமேக்ஸ் தொகுப்பான் 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலேயே ‘ஹார்ஃப்பஸ்’ வடிவாக்க நிரலை முதன்மையாக மேற்கொண்டது.

மூன்றாவதாக, சுட்டி விலகும் அளவை நோக்குக. வரி நீள நீள விலகல் வளர்ந்தால் கட்டக் கணக்கின் முரண். ஓர் எழுத்தில் மட்டும் நின்று அடுத்த எழுத்தில் சரியானால் கூட்டு நெறியின் குறை.

நான்காவதாக, எல்லாத் தொகுப்பான்களிலும் ஒரே சொல்லில் மட்டும் தொல்லை எழுந்தால், குறை உரையிலேயே இருக்கிறது. அச்சொல்லை அழித்துப் புதிதாகத் தட்டிப் பார்க்கலாம். ஔகாரத்தின் சிறகுக்கு மாற்றாக ளகரத்தைத் தட்டியிருப்பதும், மறைந்துநிற்கும் பிரிப்புக்குறியும், கொம்பையும் காலையும் தனித்தனியே சேமித்த பழைய கோப்பும் இவ்வகையின. ‘கௌதாரி’யைச் சோதனை வரியில் சேர்த்தது இதனாலேயே. ‘கௌ’ என்பதைச் சுட்டி ஒரே நிறுத்தமாகக் கடந்தால் அது ஔகாரக்குறி. கொம்பு சேர்ந்த ‘கெ’யில் ஒன்றும் ‘ள’வில் ஒன்றுமாக நின்றால் அது ளகரம்.

எழுத்தை வரையறுப்போர் யார்?

இது வெறும் வசதி பற்றிய சிக்கல் அன்று. ‘கொக்கு’ எத்தனை எழுத்து என்று ஆசிரியர் கேட்கிறார். மூன்று என்று மாணவர் சொல்கிறார். கணினியின் எழுத்தெண்ணிக்கைக் கட்டம் ஆறு என்று காட்டக்கூடும். படிவங்களிலும் இணையவழிப் பயிற்சிகளிலும் எழுத்து வரம்பு வைக்கப்படும்போது, தமிழில் எழுதும் மாணவர் தம் மொழியின் கணக்குப்படி அன்றி வேறொரு கணக்குப்படி மட்டிடப்படுகிறார். இலக்கணம் சொன்னதையும் எந்திரம் காட்டுவதையும் ஒப்பிடும் இளைய உள்ளம், எந்திரத்தையே நம்பும். அந்நம்பிக்கை வேரூன்றினால், உயிர்மெய் ஓர் எழுத்து என்னும் அடிப்படையே வகுப்பறையில் ஆட்டம் காணும்.

தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோட்டுடன் ‘டேஸ் 16’ என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் அம்முறையில், இடஞ்சுட்டிச் சிக்கலின் பெரும்பகுதி தானே நீங்கும். அதன் நோக்கம் இலக்கணத்துக்கு இயைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் குறியீடுகள் யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. உலகக் கருவிகள் அவற்றைத் தமிழ் என்று இனங்காணா. கைப்பேசியிலும் பள்ளிக் கணினியிலும் நம் மாணவர் பயன்படுத்துவது யூனிகோடே. எனவே குறியேற்றத்தை மாற்ற முனைவதினும், குறியேற்றத்தின் மேல் இயங்கும் மென்பொருள் எழுத்தை எழுத்தாக நடத்தவேண்டும் என்று வலியுறுத்துவதே பயன் தரும். கூட்டு நெறியை மொழிக்கேற்பத் திருத்திக்கொள்ள யூனிகோடே இடம் தருகிறது.

எவ்வாறு நடத்தவேண்டும் என்பதில் நம் கருத்து இது. அம்பு விசையால் நகர்தல், உரையைத் தெரிவு செய்தல், எழுத்தெண்ணிக்கை, முன்னோக்கி அழித்தல் ஆகிய நான்கும் முழு எழுத்தையே அலகாகக் கொள்ளவேண்டும். பின்னோக்கி அழித்தல் மட்டும் வேறு. ‘வீ’ என்று எழுத எண்ணி ‘வி’ என்று தட்டிய மாணவருக்கு, குறியை மட்டும் நீக்கித் திருத்துவது உதவி. பின்னழிப்பு என்பது இறுதியாகத் தட்டியதை மீட்டுக்கொள்ளும் செயல் ஆதலால், அங்கே குறியை அலகாகக் கொள்வதில் தவறில்லை. விம் தொகுப்பானில் ஒட்டுக்குறியைத் தனியே அழிப்பதா, எழுத்தோடு சேர்த்து அழிப்பதா என்பதைப் பயனரே தெரிவு செய்துகொள்ள ஓர் அமைப்பு உண்டு. அத்தகைய தெரிவு பள்ளி மென்பொருளிலும் இருத்தல் நலம்.

இவற்றை மென்பொருள் செய்வோர் தாமே அறிந்துகொள்வர் என்று எதிர்பார்த்தல் இயலாது. ‘நி’ இரண்டெழுத்து ஆனதற்குக் காரணம் தீய எண்ணம் அன்று. அவ்விரு குறிகளும் ஓரினம் என்பது அட்டவணையில் பதிவாகாமையே. வழுவைக் காணும் ஆசிரியர், தொகுப்பானின் பெயர், பதிப்பு, எழுத்துருவின் பெயர், தொல்லை தரும் சொல், அழுத்திய விசை, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய ஏழையும் குறித்து அதனைச் செய்தோருக்கு அனுப்பலாம். மாணவர் இருவர் மூவர் சேர்ந்து ஒரு வகுப்பு வேளையில் செய்து முடிக்கக்கூடிய பணி இது. இலக்கணப் பாடத்தில் எழுத்தெண்ணக் கற்றவர்கள், அக்கல்வியைத் தாம் அன்றாடம் பயன்படுத்தும் கருவியின்மேல் செலுத்திப் பார்க்கவும் அதனால் வாய்ப்புப் பெறுவர்.